இருபத்தாறு கிலோ

யில்டௌ வைனால்டாவின் மட்டைகளுக்கு
பதின்மூன்று வருஷம் நான்தான் நரம்பு கட்டினேன்.
அவள் ஆடிப் பார்த்ததைவிட
அறுந்து வந்ததைப் பார்த்ததே அதிகம்.

முதல்முறை வந்தபோது பதினெட்டு வயது.
ஃப்ரானெக்கரிலிருந்து ரயில்,
தோளில் இரண்டு மட்டை,
கையில் பாதி கடித்த ஆப்பிள்.
"இருபத்தாறு கிலோ இறுக்கம்."
கை போய்விடும் என்றேன்.
"என் கை" என்றாள்.

அவள் ஊரில் பந்தைக் கையால்தான் அடிப்பார்கள்.
தோலுறை ஒன்று மாட்டிக்கொண்டு, புல்வெளியில்,
கோடை முழுக்க அதே பேச்சு.
அப்பா ரின்ஸே ஒருமுறை அரையிறுதிவரை போனவர்.
மகள் மட்டை தூக்கியதும்
மதம் மாறிவிட்டவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாராம்,
ஒரு வருஷம்.

அந்தால்யா, ஹெராக்லியோன், மொனாஸ்டிர்.
அங்கெல்லாம் முதல் சுற்றில் தோற்றால் கிடைப்பது
திரும்பும் டிக்கெட்டில் பாதிக்குக் காணாது.
என் கூலியைச் சில்லறையாகத் தருவாள்.
மூன்று நாட்டுக் காசு கலந்திருக்கும்,
சிலது எந்த நாடென்றே தெரியாது.
நானும் எண்ணுவதில்லை.

இருபத்து நாலாம் வயதில்
உலகத்தில் நூற்று நாற்பத்து மூன்றாவது இடம்.
உலகத்தின் நூற்று நாற்பத்து மூன்றாவது பல் மருத்துவர்
உங்கள் தெருவில் இருந்தால்
தெருவுக்கே அவர் பெயரை வைப்பீர்கள்.
இங்கே அந்த எண்
தகுதிச் சுற்றின் பின்கதவைத்தான் திறக்கும்.

ரோஸ்மாலன் புல்தரையில்
தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றாள்.
தோற்றவர்களிலும் அதிர்ஷ்டசாலி என்று ஒருத்தி உண்டு:
யாராவது விலகினால் உள்ளே போகலாம்.
காலை ஏழு மணிக்கே வந்து
ஷூ நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு
என் எந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.
வெளியே மழை, விட்டது, மறுபடி மழை.
"யாரோ ஒருத்தியின் கணுக்காலுக்காகக் காத்திருப்பது
பாவமா?" என்று கேட்டாள்.
முடிச்சுப் போடும்போது பேசாதே என்றேன்.

பத்து நாற்பதுக்கு
ஒரு செக் பெண் பயிற்சியில் பந்தின்மேல் மிதித்தாள்.

அன்று ஆறாம் தரவரிசைக்காரியை வீழ்த்தினாள்,
மூன்றாம் செட் ஏழுக்கு ஐந்து.
நான் பார்க்கவில்லை.
இன்னொருத்தியின் மட்டை எந்திரத்தில் இருந்தது.
கூரைமேல் மழை மாதிரிக் கைதட்டல் கேட்டது,
மழைதான் என்று நினைத்தேன்.
மறுநாள் ஐம்பத்தோரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது.
இரண்டு மட்டையிலும் புல்லின் பச்சைச் சாறு.
துடைக்க வேண்டாம் என்றாள்.

பிறகு மணிக்கட்டு.
ஸ்வொல்லேயில் அறுவை, எட்டு மாதம்,
மீண்டும் அறுவை.
மட்டையின் நரம்பென்றால் இருபது நிமிஷ வேலை.
என் நோட்டில் அவள் பக்கம் இப்படி இறங்கியது:
இருபத்து நாலு. இருபத்து மூன்று. இருபத்திரண்டரை.
ஒவ்வொரு எண்ணையும் சொல்லும்போது
சுவரில் தொங்கும் நரம்புச் சுருளைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.
கை போய்விடும் என்று நான் சொன்னது
இருவருக்கும் ஞாபகம் இருந்தது.
இருவரும் எடுக்கவில்லை.

கடைசி ஆட்டம் அல்க்மாரில், உள்ளரங்கில், அக்டோபரில்.
பார்க்க வந்தவர்கள் பதினொரு பேர்,
அதில் ஒருவர் விளக்கணைக்கக் காத்திருந்தவர்.
முடிந்ததும் மட்டையை மேசையில் வைத்து
"அறுத்துவிடு" என்றாள்.
நடுவிலிருந்து வெளியே அறுக்க வேண்டும்.
ஓரத்தில் தொடங்கினால் சட்டம் வளைந்துவிடும்.
கத்தரியை அவளிடமே கொடுத்தேன்.
சரியாகத்தான் அறுத்தாள்.

இப்போது லேவார்டனில், நீர் வாரியத்தில் வேலை.
வாய்க்கால்களில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறதென்று
அளந்து எழுதுகிறாளாம்.
சென்டிமீட்டரில்.

போன ஏப்ரலில் தபாலில் ஒரு மட்டை வந்தது.
பச்சைக் கறை காய்ந்து பழுப்பாகியிருந்தது.
கூடவே ஒரு துண்டுச் சீட்டு:
"பதினெட்டு கிலோ போதும்.
அப்பாவுக்கு. எழுபத்தொன்று வயது,
செவ்வாய்க்கிழமைகளில் ஆடுகிறார்,
கோட்டுக்கு வெளியே போன பந்தை
உள்ளே என்று சண்டை போடுகிறார்."

பந்தைக் கையால் அடித்து வளர்ந்த கை, பெரிதாக இருக்கும்.
பிடியில் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினேன்.
அதற்குக் காசு எழுதவில்லை.