அறுநூற்று முப்பத்தோராம் கதவு

கப்பல் பிந்தியதால் பதினொரு மணிக்குத்தான்
கார்த்லா நூலகம் போய்ச் சேர்ந்தேன்.
காலணிப் பனியைத் தட்டி முடிக்குமுன்
மைமு ஆரம்பித்துவிட்டார்:
"பிரிண்டர் செத்துப்போச்சு."

சாகவில்லை.
முன்மேசையில் பச்சை விளக்கோடு
சும்மா உட்கார்ந்திருந்தது,
போணியாகாத கடைக்காரனைப் போல.

இங்கே லினக்ஸ் கணினிகளுக்கெல்லாம் மீன் பெயர்.
பிரிண்டர் ஹவுக்கின் வசம்.
கிலுவும் ஆஹ்வெனும் அதனிடம்
கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.
கிலுவிலிருந்து ஹவுக்கைக் கூப்பிட்டேன்.
அரை மில்லிநொடியில் பதில்:
இருக்கிறேன், இருக்கிறேன், இருக்கிறேன்.
அச்சிடு என்றேன்.
மூச்சில்லை.

இயக்கியை நீக்கி மறுபடி போட்டேன்.
கம்பியைப் பிடுங்கிச் செருகினேன்.
இருபது வருட அனுபவம், சொல்ல வெட்கமில்லை,
அணைத்து அணைத்து எழுப்பினேன்.
முதலிலேயே செய்திருக்க வேண்டியதைப்
பிறகுதான் செய்தேன்: பதிவுக் கோப்பைப் படித்தேன்.

இணைப்பு மறுக்கப்பட்டது.
ஜனவரி ஒன்பது, காலை எட்டு பதினான்கு முதல்
அதே வரி, பக்கம் பக்கமாக.
அன்றுதான் ஹவுக் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது.
புதுப்பித்த கையோடு தீச்சுவர்
அறுநூற்று முப்பத்தொன்றைச் சாத்திவிட்டது.
யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வரிக் கட்டளை. திறந்தது.
நின்றிருந்த வரிசையைப் போகச் சொன்னேன்.

இருபத்தாறு நாள் ஒன்றாகக் கிளம்பி வந்தது.
காலாவதியான கப்பல் அட்டவணை.
நடந்து முடிந்த பின்னல் வகுப்புக்கு அழைப்பு.
ஒரே மீன்பிடி உரிமப் படிவம் பதினேழு முறை;
எவரோ பொத்தானை அழுத்தி அழுத்தித்
தன் கோபத்தைப் பிரதியெடுத்திருக்கிறார்.

பிறகு ஒற்றைத் தாள்.
நான் கைநீட்டுமுன்
சிறுவர் பகுதி விர்வே ஓடிவந்து எடுத்துக்கொண்டாள்.
இருந்தும் மேல்வரி கண்ணில் பட்டது:
பிப்ரவரி முதல் தேதியிலிருந்து
என்னை விடுவிக்கக் கோருகிறேன்.
அன்று பிப்ரவரி நான்கு.

நின்றபடியே படித்தாள்,
வேறு யாரோ எழுதியதுபோல.
"அன்னைக்கே இது வந்திருந்தா…" என்றவள்
மைமு வருவதைக் கண்டு நிறுத்தினாள்.
மடித்தாள். நாலாக. எட்டாக.

"என்ன கோளாறு?"
"ஒரு கதவு சாத்தியிருந்தது."
"யார் சாத்தினது?"
நாங்கள் இருவரும் பதினேழு படிவங்களை
அடுக்கிக்கொண்டிருந்தோம்.

திரும்பும் கப்பலில், பனிக்கட்டி
அடிவயிற்றைச் சுரண்டும் ஓசைக்கு நடுவே,
பாதிக் காப்பியில் உறைத்தது:
திறந்தேன், நிரந்தரம் என்று எழுதவில்லை.
அடுத்து யார் ஹவுக்கை அணைத்தாலும்
கதவு தானே சாத்திக்கொள்ளும்.

சிக்னல் ஒரு கோடு.
எண்ணைப் போட்டேன்.
எடுத்தது விர்வே.