மாவட்ட மட்டம்

பெயர் ஐவர். வந்தது ஒருவர்தான்.
அம்பகாமக் காட்டோரம்
எங்கள் கண்ணிவெடி அணிக்கு மேற்பார்வையாளராக,
வெயிலில் வெந்த கழுத்தோடு,
வலது முழங்காலில் ஒரு பட்டியோடு.
"மிச்ச நாலு பேரும் எங்கே?" என்று
முதல் நாளே கேட்டவள் தவச்செல்வி.
டிலக்சன் அதை மொழிபெயர்க்கவில்லை.

கிரிக்கெற் ஆடினவராம்.
இங்கிலாந்துக்கா என்றோம்.
இல்லை, கவுன்ரி.
கவுன்ரி என்றால்?
யோசித்தார்.
உங்கட கிளிநொச்சி, முல்லைத்தீவு மாதிரி.
அட, மாவட்ட மட்டம்!
என் தங்கச்சியும் மாவட்ட மட்டம்தான்.
குண்டு போடுதல், விளையாட்டுக் குண்டு,
மூன்றாம் இடம்.
சான்றிதழ் மாத்தளனில்
ஒரு பொலித்தீன் பையோடு போனது.

டிலக்சனின் போனில் அவர் வாழ்க்கை ஒரே வரி:
ஆட்டம் பத்தொன்பது. ஓட்டம் எண்பத்தெட்டு.
விக்கெற் முப்பத்தொன்று.
"முப்பத்திரண்டு," என்றார், எட்டிப் பார்த்து.
மே மாதம், தூறல், விரல் விறைக்கும் குளிர்,
பந்து மட்டையின் ஓரத்தைத் தொட்டது,
பின்னால் நின்றவன் பிடித்தும் விட்டான்.
நடுவருக்கு மட்டும் கேட்கவில்லை.
இருபத்தாறு வருசமாக
அவருக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அது எங்களுக்கு விளங்கும்.
காதுக்குள் ஒரு மெல்லிய கீச்சு,
அது ஆணியா மிதிவெடியா என்பதில்தான்
எங்கள் கால் இருக்கிறது.

பந்தெறிய
பதினேழு கவடு ஓடிவருவாராம்.
பதினேழு கவடு போக எங்களுக்குப்
பத்து நாள், வேர் இருந்தால் பதினாலு.
முழங்காலில் குந்தி,
முகக்கண்ணாடிக்குள் வியர்வை வழிய,
மண்ணை ஓரமாகச் சுரண்டிச் சுரண்டி,
ஒரு மீற்றர் அகலம்.
இந்தப் பக்கம் வெள்ளைத் தடி,
அந்தப் பக்கம் சிவப்பு.

ஒருநாள் தேத்தண்ணி நேரம்
விழுந்துகிடந்த விளாங்காயை எடுத்தார்.
விரல்கள் தாமாகவே அதைச் சுற்றிப் பிடித்தன.
எங்கள் தண்ணீர்க் கானை விக்கெற்றாக வைத்து
ஓடிவந்தார். ஆறாம் கவடில்
முழங்கால் மறுத்தது.
கையை விட்டுப் போனதோ நிற்கவில்லை.
கானைத் தாண்டி உருண்டு
சிவப்புத் தடிகளுக்கு அப்பால் போய்
அமைதியாகக் கிடந்தது.
ஒருவரும் எடுக்கப் போகவில்லை.

பதினொரு நாள் கழித்து
என் பாதை அதைத் தொட்டது.
பழுத்திருந்தது, எறும்பு மொய்த்திருந்தது.
இரண்டு சாண் தள்ளி ஒரு ஜொனி.
அன்றைக்குப் பார்த்து மழை.
பதிவுத்தாள் நனைந்து கூழாகிவிட்டது.

அவரை முடித்ததும் அந்த முழங்கால்தான்.
புரட்டாதியில் கடிதம் வந்ததாம்:
அடுத்த பருவத்துக்கு ஒப்பந்தம் இல்லை, நன்றி.
கழகத்தில் ஒருவரும்
முகம் பார்த்துச் சொல்லவில்லை.
தபாற்காரனுக்குத்தான் அவருடைய முகம் தெரிந்தது.

எங்களுக்கும் புரட்டாதிதான்.
எந்த நாட்டிலோ நிதி முடிந்தது.
நாற்பத்திரண்டு பேர்.
கொழும்பு அலுவலகம் தபாலில் போடச் சொன்னது.
ஐவர் போடவில்லை.
கொட்டகை வாசலில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு
எழும்பி நின்று தந்தார்.
தட்டச்சு முடிந்த இடத்துக்குக் கீழே
பேனாவால் ஒரு வரி:
வருசம் நாலு.
சதுர மீற்றர் மூவாயிரத்து அறுநூற்றிப் பத்து.
மிதிவெடி நூற்றி எண்பத்தாறு.

ஏழு, என்றேன்.
நூற்றி எண்பத்தேழு. விளாங்காய்.

டிலக்சன் வாய் திறக்க முன்னமே
வெட்டி எழுதி,
பக்கத்தில் கையெழுத்தும் வைத்தார்.

மாங்குளத்தில் பஸ் ஏறினோம்.
தவச்செல்வி தன் கடிதத்தை மடியில் விரித்து
உனக்கு எவ்வளவு என்றாள்.
சொன்னேன்.
எனக்கு நூற்றித் தொண்ணூற்று நாலு, என்றாள்.

முறிகண்டி வரைக்கும்
நான் அவளோடு கதைக்கவில்லை.