ஆற்றைப் பார்த்த கதவு

மார்ச் முடியுமுன்பே
கீழறைக் கதவுக்குப் பதினாறு மூட்டை.
இசிப்பிங்கோ கடற்கரை மணல், பழைய அரிசிச் சாக்கு.
வாய் தைத்துக் கொடுத்தது பக்கத்து வீட்டு தோக்கோசிலே.

ஆறு படியேறிப் பார்த்தது,
மூட்டையைத் தொடாமல் திரும்பியது.
"பார்த்தாயா" என்றேன்.

இரவு இரண்டு மணிக்கு
தரைச் சாக்கடையின் மூடி
உலைமூடிபோலத் துள்ளியது.
உள்ளேயிருந்து வந்தது வெள்ளம்.
வெளியே விடாமல்
காவல் நின்றவை என் மூட்டைகள்.

முழங்கால் நீரில் இருவரும்
ஒவ்வொன்றாக இழுத்தோம்.
தையல் மட்டும் விடவேயில்லை,
பாவி, அவ்வளவு நெருக்கமாய்ப் போட்டிருக்கிறாள்.

காப்பீட்டுக்காரர் படிவம் நீட்டுகிறார்:
"கோகிலாம்பாள் பூபாலன்.
நீர் வந்தது வெளியிலிருந்தா, உள்ளிருந்தா?
ஒரு கட்டத்தில் மட்டும் குறியிடுங்கள்."

மூட்டைகளுக்கென்று ஏதாவது கட்டம் உண்டா என்று
தாளைத் திருப்பிப் பார்க்கிறேன்.