ஆறாம் படி

தட்டிக் கேட்பதுதான் என் வேலை.
நல்ல கான்கிரீட் சுத்தியலை ணங்கென்று திருப்பித் திட்டும்.
செத்தது தொப்பென்று வாங்கிக்கொள்ளும்.
அருளப்பன்துறை கேலரியில்
ஐந்து படிகள் என்னைத் திட்டின.
ஆறாவதிலிருந்து பேச்சே இல்லை.

ஏவிஎம் கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவே மைதானம்.
கடலுக்கு முதுகு காட்டி ஒன்பது படி.
என் பின்னாலேயே ஏறி வருகிறார்கள்
செயலாளர் பெர்க்மான்ஸ், பொருளாளர் சூசைநாயகம்,
வள்ளத்தின் இன்ஜினை விற்று முதல் தவணை கட்டிய ததேயூஸ்,
காரணமே இல்லாமல் ஓர் ஆடு.

பிழைக்கக்கூடிய இடத்துக்குக் கோடு,
பிழைக்காததற்கு வட்டம்.
சாக்பீஸோடு குனிந்தால் பெர்க்மான்ஸ் பதறுகிறார்:
"மோளே, அங்க வட்டம் போடாதெ,
அது கிளீட்டஸ் இருக்குத இடம்."
கிளீட்டஸ் இருப்பது குவைத்தில்.
அடுத்த வட்டத்திலும் ஓர் ஆள் இருந்தார்,
ஒரு காலத்தில் ஸ்டாப்பர் பேக்,
இப்போது முட்டியில் ஸ்டீல்.
அதற்கடுத்த இடத்தில் மட்டும் யாருமில்லை.
"அங்க மழத்தண்ணி நிக்கும்."
அன்றைக்கு எனக்குக் கிடைத்த
முதல் உபயோகமான தகவல் அது.

ஒடிசாக்காரப் பையன் பிகாஷ் டிரில்லரை இறக்கினான்.
கம்பி இருந்த இடத்தில்
கம்பியின் நிறம் மட்டும் இருந்தது.
விரல் பட்டதும் கருப்பட்டித் தூளாய் உதிர்ந்தது.
கடற்காற்று, என்று நோட்டில் எழுதினேன்,
உப்பு வெளியிலிருந்து உள்ளே.

எழுதி முடிக்கவில்லை,
உடைந்த துண்டில் ஏதோ மினுங்கியது.
சிப்பி.
அரை நகம் அளவு, கீறல்கூட இல்லாமல்.

நிமிர்ந்தேன்.
பெர்க்மான்ஸ் கோல் போஸ்டைப் பார்த்தார்.
ததேயூஸ் ஆட்டைப் பார்த்தார்.
சூசைநாயகம் மட்டும் சிப்பியைப் பார்த்தார்.

"அஞ்சு படிக்கு ஆத்துமணல் வந்துது, குழித்துறையிலேருந்து.
பெறவு லாரிக்காரன் பழைய பாக்கியைக் கேட்டான்.
பைனலுக்குப் பதினோரு நாள்தான் கெடந்துது.
ராத்திரி, மீன் சுமக்குத குட்டையில,
ஆணும் பெண்ணுமாக் கரையிலேருந்து அள்ளினோம்.
கழுவித்தான் போட்டோம்."
கொஞ்சம் பொறுத்து,
"ஒரு தடவ."

நோட்டில் எழுதியதை அடித்தேன்.
வெளியிலிருந்து வரவில்லை.
முதல் நாளிலிருந்தே உள்ளே இருந்திருக்கிறது கடல்.

என் கணக்குப்படி இந்தப் படி
பன்னிரண்டாம் வருடம் விழுந்திருக்க வேண்டும்.
நின்றது முப்பத்தொன்று.
ஆயிரம் பேர் ஒரே பெனால்டிக்கு எழும்பிக் குதித்தும்.
திரும்பவும் போட்டுப் பார்த்தேன்.
கணக்கு சரிதான்.

கீழே ஐந்தையும் வைத்துக்கொள்ளலாம், என்றேன்,
துருவைச் சுரண்டிப் பூச்சுக் கொடுத்தால் போதும்.
மேலே நான்கையும் எடுத்துவிட்டுக் கட்ட வேண்டும்.
ஒரு படி விட்டு ஒரு படி நாற்காலி. நானூற்றுப் பத்து பேர்.
"இப்ப ஆயிரம் பேர் இருக்கமே?"
ஒருத்தர் மடியில் ஒருத்தர் இருக்கிறீர்கள்.
"ஆமா," என்றார் ததேயூஸ்,
அதில் என்ன குறை என்பதுபோல.
நாற்காலியையும் அடித்தேன்.

சிப்பி என்னிடம் இருக்கிறது,
பிளாஸ்டிக் உறையில், 'படி 6, மாதிரி 2'.
லேபுக்கு அனுப்ப வேண்டும்.
இன்னும் அனுப்பவில்லை.

இன்று எம்-சாண்ட் முதல் லோடு வந்தது.
கல்லை உடைத்த மணல், கடலைக் கண்டதே இல்லை,
பில்லிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது.
சூசைநாயகம் டிப்பரை மறித்து நிற்கிறார்.
ஒரு சிட்டிகை எடுத்தார்,
நாக்கில் வைத்தார்,
கண்ணை மூடி வெகுநேரம் இருந்தார்.

பிறகு துப்பிவிட்டு
டிரைவரிடம் சொன்னார்:
"இறக்கு."