கடைசி இலக்கம்

பூனாக்காரர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்:
வண்டியும் என்ஜினும் கூடப் பிறந்ததா?
கூடப் பிறந்தது என்றால் நாற்பது லட்சம்,
இல்லையென்றால் காயலான்கடை விலை.
நான் தரகன். இரண்டு சதவீதம்.
கீழக்கரை வெயிலில் ஆர்.சி. புத்தகத்தை விரித்து
ராமபாணப் பூச்சி தின்றது போக
மிச்சத்தைப் படித்தேன்.

முதல் சொந்தக்காரர் கண்டியில் ஒரு தேயிலைத் துரை.
அடுத்தவர் செய்யிது மீரான் மரைக்காயர், சங்கு வியாபாரம்.
ஐம்பத்தெட்டில் தலைமன்னாரில் கப்பலேற்றி
தனுஷ்கோடியில் இறக்கினார்.
அன்றைக்குப் பாம்பனில் ரோட்டுப் பாலம் ஏது?
கூட்ஸ் வண்டித் தட்டில் வடம் போட்டுக் கட்டினார்கள்.
டிரைவர் சவரியார் இறங்க மாட்டேன் என்றாராம்.
பாலம் முழுக்க, கீழே கடல் நுரைதள்ள,
ரயில் இழுத்துப் போகிற பாக்கார்டுக்குள்
ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே வந்தாராம்,
மண்டபம் நெருங்குகையில்
ஒருமுறை ஹாரனும் அடித்து.

எட்டு சிலிண்டர், ஒரே வரிசையில்
ஜமாஅத்தில் தோளொட்டி நிற்கிற மாதிரி.
மூக்கில் குரோமியத்தில் ஒரு பறவை.
மரைக்காயர் அன்னம் என்றார்.
சவரியார் கூழைக்கடா என்றார்.
அதற்காக இருவரும் ஒரு வாரம் பேசவில்லை.

கீழக்கரையில் வீடு மகளுக்கு.
கார் யாருக்கு என்று எவரும் யோசித்திருக்கவில்லை.
மூன்று மருமகன்கள், ஒரு சாவி.
பெட்ரோல் விலை ஏறிய வருஷம்
நடு மருமகன் என்ஜினைக் கழற்றி விற்றார்.
அதற்கு ரசீது கிடையாது.
உடம்பை மட்டும் முத்திரைத்தாளில் எழுதி வாங்கியவர்
திருப்பாலைக்குடி டூரிங் டாக்கீஸ் முதலாளி.
பின்சீட்டு ஒன்றரை ரூபாய் டிக்கெட் ஆனது.
பிறகு ஓர் ஐஸ் கம்பெனி.
பிறகு கோழிகள்.
கோழிகள் பெயர் மாற்றம் செய்துகொள்ளவில்லை.

என்ஜின் போன வழி
டீக்கடைகளில்தான் கிடைத்தது.
பாம்பனில் ஒரு வத்தை அதைப் பூட்டிக்கொண்டு
பதினொரு வருஷம் இரால் பிடித்திருக்கிறது.
மண்ணெண்ணெய் குடித்து, இருமி,
கச்சான் காற்றில் ஒருநாள் இறுகிவிட்டது.
கனமான சாமான், வீணாக்குவானேன்?
கயிறு கட்டி நங்கூரமாக இறக்கினார்கள்.
கயிறு அறுந்த இடம்
சின்னப்பாலத்துக்குத் தெற்கே, இரண்டு பாகம் ஆழம்.

சீனியம்மா பாசி எடுக்கிறவள்.
விரல்களுக்குத் துணி சுற்றுகிறவள்
அன்றைக்கு மட்டும் அவிழ்த்தாள்.
“கலங்கல். கண்ணு உதவாது, தடவித்தான் சொல்லணும்.
முங்குக்கு முந்நூறு.”
முதல் முங்கில்: “நட்டுவச்ச ஒரு கம்பு, காலடியில படுத்த கம்பு.”
எல், என்று எழுதினேன்.
நாலு. பூஜ்யம். ரெண்டு.
மூச்சு வாங்கி, ஏழு. இன்னொரு ஏழு.
கடைசி இலக்கத்தின் மேல்
சிப்பி ஒட்டியிருந்தது.

“உடைச்சுப் பாரேன்.”
“விரல் கிழிஞ்சா பத்து நாள் பாசி போச்சு.
பூனா தருமா?”
பூனாவுக்குப் போன் போட்டேன்.
பூனா தராது.

படகில் தலை துவட்டும்போது
என் செல்போனில் வண்டிப் படத்தைப் பார்த்தாள்.
நீளத்தைப் பார்க்கவில்லை, நிறத்தைப் பார்க்கவில்லை.
“இது நீர்க்காக்கா” என்றாள்.
“முங்கப் போற கழுத்து.”

புத்தகத்தில் கடைசி இலக்கம் மூன்று.
நிரப்ப ஒரு நொடி ஆகாது.
இந்தக் கையால் எத்தனை கையெழுத்து
போட்டிருக்கிறேன், எத்தனை செத்தவர்களுக்காக.
இருந்தும் ஆறாவது கட்டத்தை
வெறுமனே விட்டு அனுப்பினேன்.
விலை பாதியானது,
அப்புறம் பேச்சே நின்றது.

கோழிகள் இன்னமும் முன்சீட்டில்.
மூக்கில் இருந்த பறவையைத்தான் காணோமாம்.
சின்னப்பாலத்தில் ஏதோ வள்ளத்தின் அணியத்தில்
வெள்ளியாய் ஒன்று மின்னியதாக
கரைவலைக்காரர் ஒருவர் சொன்னார்.

நான் தரகன்.
எனக்கெப்படித் தெரியும்?