ஐந்து மில்லிமீட்டர்

கடச்சனேந்தல் தாண்டி ஒரு வேகத்தடை.
யார் போட்டது தெரியாது, வெள்ளைக்கோடும் கிடையாது.
அதில்தான் முதன்முதலில் கேட்டது
வண்டியின் அடிவயிற்றிலிருந்து ஒரு 'டொக்'.
"என்னங்க அது?" என்றாள் யூனிஸ்.
"சாக்."
"யாருக்கு?"

காமராசர் சாலையில் பட்டறை. துளசிராம்
வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவான், கடையில் தமிழ்,
ஸ்பிரிங்குகளோடு மட்டும்
நாக்கைத் தட்டி ஒரு 'ச்'.
பின்சக்கரத்தை அந்தரத்தில் தூக்கி
அச்சிலிருந்து வால்வரை நாடா பிடித்தான்.
இறக்கிப் பிடித்தான்.
என்னை ஏற்றிப் பிடித்தான்,
ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் சகிதம்,
மே மாதத்து மதியம் பன்னிரண்டு மணிக்கு.

"நாப்பத்தேழு இறங்குது. முப்பத்தஞ்சு போதும்.
இது அறுபது கிலோ ஆளுக்குச் சுத்தின ஸ்பிரிங், சார்.
உங்க எடையைச் சரியாப் பாத்துட்டு வாங்க."

கீழமாரட் வீதி வெங்காய மண்டித் தராசில்
முழுக் கவசத்தோடு ஏறி நின்றேன்.
எண்பத்தொன்று.
கணக்குப்பிள்ளை பழக்கதோஷத்தில் சீட்டே போட்டுவிட்டார்.

"பின்னால உக்கார்றவங்க?"
"ஐம்பத்துநாலு" என்றேன், யோசிக்காமல்.

ஞாயிறு ஆராதனை முடிந்து அவளே வந்தாள்.
ஏறி என் பின்னால் உட்கார்ந்தாள்.
துளசிராம் குனிந்தான்.
நாடா. மறுபடி நாடா. 'ச்'.
"அஞ்சு மில்லி கூட இறங்குது.
ஐம்பத்துநாலுக்கு இப்படி இறங்காது, சார்."

நான் தரையைப் பார்த்தேன்.
"ஐம்பத்துநாலா? அது நம்ம கல்யாணத்தன்னிக்கு.
இப்ப அறுபத்தாறு.
கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

டயரின் காற்று எனக்கு மனப்பாடம்.
செயின் எத்தனை மில்லி தொய்யலாம்,
எண்ணெய் மாற்றியது எந்தத் தேதி,
தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.
பதினொரு வருடமாய் இந்த ஒரு எண்ணை மட்டும்
சரிபார்க்கவே இல்லை.

"நூத்தஞ்சு ஸ்பிரிங் போட்டா ரெண்டு பேருக்குச் சுகம்.
தனியாப் போனீங்கன்னா
நத்தம் பாலத்துல இருக்கிற இணைப்பையெல்லாம்
முதுகெலும்பாலேயே எண்ணலாம்.
தொண்ணூத்தஞ்சு உங்களுக்குக் கச்சிதம்.
மாசத்துல எத்தனை நாள் அக்கா வருவாங்க?"

"எட்டு" என்றது என் வாய்.
"ரெண்டு" என்றாள், பின்சீட்டிலிருந்து இறங்காமலே.
"தொண்ணூத்தஞ்சே போடுங்க தம்பி.
நான் ஏறுற அன்னிக்கு அவரு திருகிக்கட்டும்."

பழைய சாக் வெளியே வந்தது,
தண்டு முழுக்க எண்ணெய் கசிந்து புழுதி அப்பியபடி.
புதியதை மாட்டிவிட்டு அடித்திருகைத் தொட்டான்.
"தாங்குறது ஸ்பிரிங் வேலை.
அமுங்கினது எப்படி எந்திரிக்கணுங்கிறது
உள்ள இருக்கிற எண்ணெய் வேலை.
அது சரியில்லேன்னா வண்டி துள்ளும்."
கிளிக், கிளிக் என்று ஏழு வரை எண்ணி நிறுத்தினான்.
சீட்டை அமுக்கிவிட்டான்.
வால் நிதானமாக எழுந்தது,
கோபம் தணிந்து சாப்பிட வருகிற ஆள் மாதிரி.

இப்போதெல்லாம் ஞாயிறு காலை ஐந்தரைக்கு
கையில் கொக்கிச் சாவியோடு
வண்டிக்குப் பின்னால் முட்டிபோடுகிறேன்.
எதிர்வீட்டுக்காரர் ஏதோ வேண்டுதல் என்று நினைக்கிறார்.
வளையம் லேசில் நகராது.
ஒரு சுற்று. விரல் வழுக்கி இன்னொன்று.
ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கியபடி யூனிஸ்:
"எத்தனை?"
"ரெண்டு."
"ரெண்டரையா வை. நேத்து மேலூர்ல கெடா விருந்து."

அழகர்மலை இன்னும் வெளுக்கவில்லை.
கடச்சனேந்தல். அதே வேகத்தடை.
ஏறினோம், இறங்கினோம், சத்தமே இல்லை.
என் ஹெல்மெட்டில் ஒரு விரலால் தட்டி
"டொக்" என்றாள்.