கழித்தல் குறி

எண்ணூற்றைம்பது கிலோமீட்டர் உயரத்தில்
ஓர் ஆடி சுழல்கிறது.
பூமியைப் பார்க்கும்.
பிறகு தலை திருப்பி
ஒன்றுமில்லாத வெளியைப் பார்க்கும்:
மூன்று கெல்வின்கூட இல்லாத குளிர்.
பிறகு தன் வயிற்றில் வைத்திருக்கும்
கறுப்புத் தகட்டைப் பார்க்கும்.
அந்தச் சூடு அதற்குத் தெரிந்த சூடு.
தெரிந்த இரண்டுக்கும் நடுவில்
நம்மை எங்கே வைப்பது என்று
ஒவ்வொரு சுற்றிலும் புதிதாய்க் கணக்கிடும்.

பார்க்கும் என்றேன்.
கேட்கும் என்பதுதான் சரி.
ஆக்சிஜன் வாய் மூடி இருப்பதில்லை.
சூடேறினால் சற்று உரக்க,
ஆறினால் சற்று மெல்ல,
நுண்ணலையில் முனகியபடியே இருக்கிறது,
இப்போது உங்கள் மூக்கருகிலும்.

லாப்லாந்தில், கிட்டினென் ஆறு உறைந்த டிசம்பரில்,
மதியம் பன்னிரண்டுக்கும் மேசை விளக்கு எரிய,
சைமி அந்த முனகலைக் கூட்டிப் பெருக்கி
கோடாக வரைந்துகொண்டிருந்தாள்.
ஒன்பது ஆண்டுகள்.
கோடு மெல்லக் கீழே இறங்கியது.
காற்று குளிர்கிறது என்றது கோடு.
ஒஸ்மோவின் பலூன்கள் இல்லை என்றன.

"உன் பலூன் வெயிலில் காய்கிறது" என்று
இரண்டு கட்டுரைகளில் எழுதியிருந்தாள்,
மரியாதையான சொற்களில்.
ஒஸ்மோ அதன்பின் காப்பி அறைக்கு
அவள் போன பிறகே வந்தான்.

அன்று தேடியது வேறு எதையோ.
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி கண்ணில் பட்டது.

செயற்கைக்கோள் ஆண்டுக்காண்டு நழுவும்.
ஏவியபோது நண்பகலில் தலைக்கு மேல் கடந்தது
மெல்ல மெல்ல எற்பாட்டில் கடக்கும்.
சாயும் பொழுதின் தணிவை
உலகத்தின் தணிவென்று எழுதிவைக்கும்.
பொய்யல்ல; தாமதமாக வந்ததை
யாரும் அதற்குச் சொல்லவில்லை.
அந்தத் தணிவை ஈடுகட்டக்
கூட்ட வேண்டும்.
அவள் கழித்திருந்தாள்.

ஒரு சிறு கோடு.
அதன் நடுவே நெட்டுக்கு இன்னொன்று போட்டாள்.
நிரலை ஓட்டினாள்.
காத்திருக்கையில் நகம் கடித்தாள்,
பதினைந்து வயதில் விட்ட பழக்கம்.
திரையில் கோடு
படுத்திருந்த நாய் எழுவதுபோல்
முன்னங்காலை ஊன்றி
எழுந்தது.

ஒஸ்மோ கொட்டகையில் பலூனுக்கு வளி நிரப்பிக்கொண்டிருந்தான்.
சொன்னாள்.
அவன் குழாயை மூடவில்லை.
"எவ்வளவு?"
"பத்தாண்டுக்கு ஒரு டிகிரியில் பத்தில் ஒன்று, மேல்நோக்கி."
பலூன் அவர்கள் இருவருக்கும் நடுவே
பெருத்துக்கொண்டே போனது.
பிறகு அதன் மறுபக்கத்திலிருந்து குரல்:
"என் உணரிகளில் ஒரு தொகுதி
நிஜமாகவே வெயிலில் காய்ந்ததுதான்.
போன வருஷமே தெரியும்.
நீ கேட்கவில்லை."

சிரித்தாளா என்று பலூன் மறைத்துவிட்டது.

மூன்றாம் நாள் நீலஸ் வந்தான்,
பனிவண்டித் தடத்தில் கிடந்த
கிழிந்த ரப்பரும் வெள்ளைப் பெட்டியுமாக.
"உங்களுடையதுதானே?"
நவம்பரில் பனிமேல் மழை பெய்து
இறுகிக் கண்ணாடியாகிவிட்டதாம்.
கலைமான் குளம்பால் தட்டுகிறது,
பாசி கீழே தெரிகிறது,
எட்டவில்லை.
"இது இனி வருஷா வருஷமா?
வைக்கோலுக்கு இப்போதே பணம் கட்டவா?"

சைமியிடம் ஓர் எண் இருந்தது.
புதியது, சரியானது, மூன்று நாள் வயது.
உலகம் முழுவதற்குமான எண்.
நீலஸின் மலைச்சரிவு அதற்குள் எங்கோ இருந்தது,
கடலுக்குள் ஒரு வாளித் தண்ணீர்போல.
"தெரியவில்லை" என்றாள்.
அவன் தலையாட்டி, பெட்டியை மேசைமேல் வைத்து,
கையுறையை மாட்டிக்கொண்டான்.

திருத்தக் கடிதத்தை அன்றிரவு எழுதினாள்.
முதல் வாக்கியத்தை ஏழு முறை.
'பிழை நேர்ந்தது' என்று தொடங்கியதை அடித்து
'பிழை செய்தேன்' என்று ஆக்கியபின்
மற்றவை தானாக வந்தன.

அந்தச் செயற்கைக்கோளை நிறுத்தி வெகுநாளாகிறது.
விழவில்லை, சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.
நண்பகல் தாண்டி, எற்பாடு தாண்டி,
இப்போது மாலைக்குள் நழுவியிருக்கும்.
கடைசியாக ஆடி எந்தப் பக்கம் நின்றது என்று
பதிவில் தேடினாள்:
பூமியா, தகடா,
அந்த மூன்று கெல்வினும் இல்லாத வெளியா.
அந்த ஒரு வரி மட்டும்
கோப்பில் இல்லை.